கம்பியைப் பிடித்தது போக மிச்சமுள்ள கை

அன்புள்ள மக்கா,

இதை நீ பிரிக்கும்போது ரயில் கொல்லம் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் நீ பையைத் திறக்க மாட்டாய். ஏறியதும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்துவிடுவாய், பசி வந்தால்தான் பை ஞாபகம் வரும். அது தெரிந்துதான் கவரைச் சாப்பாட்டுப் பொதியின் மேலேயே வைத்தேன். முதலில் சாப்பிடு. மீனைத் தனியாகக் கட்டியிருக்கிறேன். கையைக் கழுவிவிட்டு வந்து நிதானமாக வாசி. பெங்களூர் போய்ச் சேர இன்னும் நிறைய நேரம் இருக்கிறது, எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பாடகர் குழுவில் இருக்கும் லீலாபாய் அக்கா, உனக்கு என்ன வேலை கிடைத்திருக்கிறது என்று கேட்டாள். மருத்துவமனைகளுக்கான செயலி செய்கிற கம்பெனி, அதில் வடிவமைப்பாளர் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. ஃபோனில் எந்த பட்டன் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை என்று சொன்னேன். "அதுக்கு ஒரு வேலையா?" என்றாள். ஒரு பட்டன் இடம் மாறி இருந்ததால் ஆரியங்கோட்டில் ஒரு கல்யாணமே நிற்கப் பார்த்தது என்று நான் சொன்னதும், பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரத்தடியில் நின்றுவிட்டாள். முழுக் கதையையும் கேட்ட பிறகுதான் வீட்டுக்குப் போனாள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, உனக்கே அந்தக் கதை முழுசாகத் தெரியாதே என்று. ஷைனியின் கல்யாணத்தன்று நீ கோயம்புத்தூரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். சாப்பாடு தாமதமாக வந்தது என்பதை மட்டும் அப்பா உனக்கு ஃபோனில் சொல்லிச் சிரித்தார். சிரிப்பதற்கு முன்னால் நடந்ததை அவர் சொல்லவில்லை.

நம் ஆபீசை உனக்குத் தெரியும். நெய்யாற்றின்கரையில் மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை, மாடிப்படி ஏறினாலே தைல வாசனை வரும். நான் புரோகிராம் எழுதுவேன், கூட வேலை பார்க்கிற ஷைனி வடிவமைப்பாள். நகைக்கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ரப்பர் நாற்றுப் பண்ணைக்கு என்று இணையதளம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பெரிய திரை. அதில் செய்வோம், வாடிக்கையாளரை அதன் முன்னால் உட்கார வைத்துக் காட்டுவோம், அவர் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். ஃபோனுக்கென்று தனியாக யோசித்ததில்லை. எல்லாம் முடிந்த பிறகு அதையே சுருக்கி ஃபோனுக்குள் திணிப்போம். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நம் வீட்டிலேயே கம்ப்யூட்டர் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கும், அப்பா கிரிக்கெட் பார்ப்பதும் மின்சாரக் கட்டணம் கட்டுவதும் எல்லாம் அடுக்களை மேடையில் சாய்த்து வைத்த ஃபோனில்தான். அதைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டே நான் ஆபீசுக்குப் போய்ப் பெரிய திரையின் முன்னால் உட்காருவேன்.

ஷைனியின் அப்பா தங்கராஜ் சாரை நீ இரண்டு மூன்று முறை பார்த்திருப்பாய். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகளை ஒற்றையாக வளர்த்தவர். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் அச்சடித்ததுபோல எழுதுவார். மாப்பிள்ளை ஜெபினுக்குக் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் வீடு. கல்யாணம் ஆரியங்கோட்டுச் சபையில், சாப்பாடு பக்கத்திலுள்ள சபை மண்டபத்தில், சமையல் பெருங்கடவிளை சுகுமாரன் அண்ணன். அவர் தம் வீட்டுப் பின்புறத்துச் சமையல் கொட்டகையில் சமைத்து வண்டியில் கொண்டுவந்து பரிமாறுகிறவர். அந்தப் பக்கத்துச் சமையல்காரர்களில் முதலில் இணையதளம் வைத்தவர் அவர்தான். அதை நாங்கள் செய்யவில்லை, வேறு யாரோ செய்து கொடுத்தது. ஆனால் அன்றைக்கு நாங்கள் செய்திருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் செய்திருப்போம். அதில் விருந்துக்குப் பதிவு செய்யலாம், இலை எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம், ரத்து செய்யலாம்.

கல்யாணத்தன்று காலையில் நானும் அப்பாவும் மண்டபத்தைப் பார்த்து வரலாம் என்று சீக்கிரமே போனோம். மேசைகள் போட்டிருந்தன. வாசலில் வாழை கட்டியிருந்தது. ஒலிபெருக்கிக்காரர் மைக்கைத் தட்டித் தட்டி ஹலோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் இலைக்கட்டைக் காணோம், தண்ணீர் டிரம்மைக் காணோம், சுகுமாரன் அண்ணனின் ஆட்களில் ஒருவரையும் காணோம். வண்டி வழியில் பழுதாகியிருக்கும் என்று அப்பா சொன்னார். நான் அவருக்கு ஃபோன் செய்தேன். அவர் உடனே எடுத்தார். எடுத்தவர் வழக்கமான குரலில் பேசவில்லை, துக்க வீட்டில் பேசுவதுபோலப் பேசினார்.

"நான் அறிஞ்சேன் அக்கா. நல்ல பிள்ளையாக்கும் அது. எல்லாம் ஒரு நல்லதுக்குண்ணு வச்சுக்கிடணும்."

யாரோ இறந்துபோயிருக்கிறார்கள், நமக்குத்தான் இன்னும் சொல்லவில்லை என்று நினைத்தேன். என்னத்தை அறிந்தீர்கள் என்று கேட்டேன்.

"கல்யாணம் முடங்கின காரியம்," என்றார்.

வெளியே ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கிவிட்டது. ஃபோனுக்குள் அவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அது என்ன சத்தம் என்று கேட்டார். கல்யாணப் பாட்டு என்றேன். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு நாள் முன்பு சாயங்காலம் தங்கராஜ் சாரின் எண்ணிலிருந்து விருந்து ரத்து என்று அவருடைய தளத்தில் வந்திருக்கிறது. அதைப் பார்த்து அவர் வருத்தப்பட்டிருக்கிறார். ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே என்று நான் கோபப்பட்டேன். "எப்படி அக்கா விளிச்சுக் கேக்கது? உங்க மோளுக்க கல்யாணம் ஏன் முடங்கிச்சுண்ணு பெண்ணுக்க அப்பன்கிட்ட ஒரு மனுசன் கேப்பானா?" என்றார். யோசித்துப் பார்த்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன். அவர் மரியாதைக்காகச் செய்த காரியம்தான். ஆறின பிறகு ஒரு நாள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தாராம்.

அதோடு நின்றிருந்தால் சாப்பாட்டுப் பிரச்சினை மட்டும்தான். ஆனால் சுகுமாரன் அண்ணன் அந்த வருத்தத்தைத் தமக்குத் தெரிந்த ஒரு பூ அலங்காரக்காரரிடம் பகிர்ந்திருக்கிறார். பூக்காரர் இன்னொரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒரு வேன் டிரைவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த டிரைவர்தான் அன்று காலை மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு வந்தவர். பாறசாலையில் சாயாக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, முன் சீட்டில் இருந்த மாப்பிள்ளையின் தாய்மாமனிடம், பெண் வீட்டில் சாப்பாட்டையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாமே, நீங்கள் அறியவில்லையா என்று கேட்டிருக்கிறார். தாய்மாமன் வண்டியை மேலே எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அங்கே போய் அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நிற்பதைவிட இங்கிருந்தே திரும்பலாம் என்பது அவர் கட்சி. போய்ப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்பது மற்றவர்கள் கட்சி. பட்டுச் சேலைகளோடும் கோட்டுகளோடும் ஒரு வண்டிக் கூட்டம் சாயாக்கடை முன்னால் நின்று வாதம் செய்துகொண்டிருந்தது.

நான் மண்டபத்திலிருந்து ஷைனியின் வீட்டுக்கு ஓடினேன், ரோட்டைக் கடந்தால் வீடு. உள்ளே பார்லர்க்காரப் பெண் அவளுக்குத் தலையில் முக்காட்டு நெட்டைக் குத்திக்கொண்டிருந்தாள். தங்கராஜ் சார் வாசலில் வெள்ளை வேட்டியும் புதுச் சட்டையுமாக நின்றார். நான் மெதுவாகத்தான் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "நான் கூட்டத்தான் செய்தேன். மாப்பிள்ளை வீட்டுல ஆள் கூடுதல் உண்டுண்ணு சொன்னாங்க, அம்பது இலை கூட்டினேன்," என்றார். எங்கே வைத்துச் செய்தீர்கள் என்று கேட்டேன். நெய்யாற்றின்கரையிலிருந்து திரும்பும்போது, பேருந்தில் நின்றுகொண்டு, ஒரு கையில் கம்பி, ஒரு கையில் ஃபோன் என்றார். சொல்லச் சொல்லவே அவருக்குப் புரிந்துவிட்டது. பெரிய திரைக்குச் செய்த பக்கம் அது. ஃபோனில் எழுத்தெல்லாம் கடுகு. விரலால் விரித்தால் பாதி பக்கம் வெளியே போய்விடும். 'சேமி' என்ற பட்டனும் 'ரத்து செய்' என்ற பட்டனும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே நிறத்தில் இருந்தன. பேருந்து ஒரு வளைவில் திரும்பியிருக்கும், பெருவிரல் ஒரு நெல்மணி அளவு நகர்ந்திருக்கும். ரத்தாகிவிட்டது என்ற செய்தி பக்கத்தின் மேலே, அவர் கண்ணுக்குப் படாத இடத்தில் வந்திருக்கும். அவர் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப்போனார்.

அந்தச் சமயத்தில் ஷைனியின் ஃபோனில் ஜெபினிடமிருந்து ஒரு செய்தி வந்தது, இங்கே என்னவோ சொல்கிறார்கள், உண்மையா என்று. அவளால் தலையைத் திருப்பக்கூட முடியாது. என்னை எடுத்து விளிக்கச் சொல்லி, ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நிற்க, அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"எங்க நிக்கிறிய?"

"பாறசாலையில."

"சாயா குடிச்சாச்சா?"

"குடிச்சாச்சு."

"அப்ப வாங்க. நான் இஞ்ச உண்டு."

அவ்வளவுதான் பேசினாள். ஜெபின் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு, யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன் என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். தாய்மாமனும் ஏறினார்.

இனி சாப்பாடு. சுகுமாரன் அண்ணன் நான் ஃபோனை வைத்த நிமிடமே ஆட்களைத் திரட்டத் தொடங்கிவிட்டார். பன்னிரண்டுக்கு முடியாது, இரண்டு மணிக்கு இலை போடலாம், அதுவரை ஆட்களைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்பா போதகரிடம் போனார். அந்தப் போதகரிடம் பிரசங்கத்தைச் சுருக்கச் சொல்லிக் கேட்காத கல்யாண வீடே கிடையாது. முதல் தடவையாக ஒருவர் வந்து நீட்டச் சொல்கிறார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அப்பா இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். கானாவூர்க் கல்யாணத்தில் திராட்சரசம் தீர்ந்துபோன பகுதியை எடுத்துக்கொண்டு, ஒரு ஜாடியையும் விடாமல் விளக்கினார். பாடகர் குழு கைவசம் இருந்த எல்லாப் பாட்டையும் பாடியது. அதற்குள் சுற்றிலுமுள்ள வீடுகளிலிருந்து ஆளாளுக்கு இலை அறுத்துக்கொண்டு வந்து மண்டபத்துத் திண்டில் குவித்துவிட்டார்கள். பருப்பு வந்தது, அவியல் வந்தது, எரிசேரி வந்தது, பாயாசம் வந்தது. போளிதான் இல்லை. அதைச் செய்ய நேரமில்லை என்று சுகுமாரன் அண்ணன் கையை விரித்தார். பாயாசத்துக்குப் போளி இல்லாமல் நம் பக்கத்தில் ஒரு கல்யாணமா? பாறசாலையில் வண்டியை நிறுத்தின அதே தாய்மாமன், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு யாருடைய ஜீப்பையோ எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் போய், கடைகளில் இருந்த போளியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். வெறும் வயிற்றோடு இரண்டு மணி வரை காத்திருந்தவர்களுக்கு எதைப் போட்டாலும் ருசிக்கும். அதைவிட நல்ல கல்யாணச் சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு.

தங்கராஜ் சார் மட்டும் சாப்பிடவில்லை. எல்லோரையும் உபசரித்தார், சிரித்தார், மகளை வழியனுப்பினார். மறுவாரம் அந்த ஃபோனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, பழைய பட்டன் ஃபோன் ஒன்றை வாங்கிக்கொண்டார். இந்தச் சாதனமெல்லாம் படித்தவர்களுக்கு என்று சொன்னாராம். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளைப் படிக்க வைத்த மனிதர்.

கல்யாண விடுப்பு முடிந்து வந்த ஷைனி இதைச் சொன்னபோது அழவில்லை, கோபமாக இருந்தாள். அதே வாரம் சுகுமாரன் அண்ணனும் மாடிப்படி ஏறி வந்தார். புதிதாக ஒரு தளம் வேண்டும், இனி ஒருத்தருக்கும் இப்படி வரக்கூடாது என்றார். சொல்லிவிட்டு, முகப்பில் முழு இலைச் சாப்பாட்டின் படம் திரை நிறைய வர வேண்டும், ஒவ்வொரு கூட்டாகச் சுழன்று வர வேண்டும், பின்னால் நாதஸ்வரம் கேட்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். நான் வழக்கம்போலப் பெரிய திரையைத் திறந்தேன். ஷைனி அதை அணைத்துவிட்டாள். தன்னுடைய ஃபோனை வெள்ளைத் தாளில் வைத்து, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து, இந்தக் கட்டத்துக்குள் என்ன வரலாம் என்பதை முதலில் பேசுவோம், பெரிய திரையைப் பிறகு பார்க்கலாம் என்றாள்.

மக்கா, எனக்கு அந்தத் தொழில் அன்றைக்குத்தான் சரியாக விளங்கியது. பெரிய திரையில் எல்லோருக்கும் இடம் கொடுக்கலாம். முதலாளியின் படம், அவர் வாங்கின கேடயம், வாழ்த்துரை, சுழலும் அவியல், எதையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபோன் அளவுக் கட்டத்துக்குள் ஒரு நேரத்தில் ஒரு காரியம்தான் நிற்கும். எந்தக் காரியம் என்று கேட்டே ஆக வேண்டும். சுகுமாரன் அண்ணனிடம் கேட்டோம், ஜனங்கள் உங்களை எதற்காக விளிக்கிறார்கள் என்று. யோசிக்காமல் சொன்னார், இலை கூட்டவும் குறைக்கவும், வண்டி எப்போது வரும் என்று அறியவும். அப்படியானால் திறந்ததும் அந்த இரண்டும்தான் என்றாள் ஷைனி. அவியல் படம் கீழே போனது, அதுவும் சின்னதாக, ஏனென்றால் ஆரியங்கோட்டு ரப்பர் தோட்டங்களுக்குள் சிக்னல் ஒரு கோடு வந்தால் பெரிது. நாதஸ்வரம் முழுவதுமாகப் போனது. அவருக்கு அதில் வருத்தம்தான். பேருந்தில் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே அண்ணே என்று நான் சொன்ன பிறகு சம்மதித்தார்.

எழுத்து பெரிதானது. மலையாளமும் தமிழும் இரண்டும் வைத்தோம். பட்டன்களைப் பெருவிரல் இயல்பாகப் போய் விழுகிற கீழ்ப்பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். ரத்து செய்வதைத் தனியாகப் பிரித்து, தேடிப் போனால் மட்டும் கிடைக்கிற தூரத்தில் வைத்தோம். அங்கேயும் உடனே ரத்தாகாது, ஒரு கேள்வி கேட்கும், அதற்குப் பிறகு சுகுமாரன் அண்ணனே கூப்பிடுவார். இடையில் சிக்னல் போனால் எழுதினது அழியாமல் ஃபோனிலேயே காத்திருக்கும். இவையெல்லாம் உனக்கு இன்றைக்கு அரிச்சுவடி. எங்களுக்கு அன்று ஒவ்வொன்றும் ஒரு சண்டை. பெரும்பாலும் நான்தான் தோற்றேன், அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

வேலை முடிந்ததும் ஷைனி அதை ஆபீசில் சோதிக்கவில்லை. ஒரு மத்தியானம் தங்கராஜ் சாரை, கூட வாங்கப்பா என்று சொல்லி நெய்யாற்றின்கரையில் பேருந்தில் ஏற்றினாள். நானும் போனேன். நல்ல கூட்டம். எனக்கு இடம் கிடைத்தது, அவர்கள் இரண்டு பேரும் என் பக்கத்தில் நின்றார்கள். கொஞ்ச தூரம் போனதும் தன் ஃபோனை அவரிடம் நீட்டி, ஒரு விருந்துக்கு அம்பது இலை கூட்ட வேண்டும் என்றாள். அவர் கையை நீட்டவே இல்லை. நீயே செய் என்றார். எனக்குக் கம்பியைப் பிடிக்க வேண்டும், பையையும் பிடிக்க வேண்டும், நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

வாங்கினார். கூட்டினார், அது சரியாகவே வந்தது. கூட்டின பிறகு ஃபோனைத் திருப்பிக் கொடுக்காமல் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்து செய்கிற இடத்தைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. கண்டுபிடித்தார். ஷைனியைப் பார்க்காமல், வேண்டுமென்றே அதை அழுத்தினார். 'விருந்து முழுவதுமே வேண்டாம் என்கிறீர்களா?' என்று பக்கம் கேட்டது. கீழே அகலமாக, 'இல்லை, விருந்து வேண்டும்' என்று ஒரு பட்டன். அவர் அதை வாசித்துக்கொண்டு அப்படியே நின்றார். இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும்.

"அன்னைக்கு இது ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதுமாயிருந்தது மோளே," என்றார்.

ஷைனி பையை என் மடியில் வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் 'விருந்து வேண்டும்' என்பதை அழுத்தினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'எண்ணிக்கையை மாற்றுக' என்றிருப்பது அரசாங்க உத்தரவு மாதிரி இருக்கிறது, 'எத்தனை இலை?' என்று கேட்டால் போதாதா என்று குறை சொல்லத் தொடங்கினார். இறங்குகிறவரை குறைதான். அடுத்த வாரம் தம்முடைய ஃபோனை மாப்பிள்ளையிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் செய்கிற ஒவ்வொரு தளத்துக்கும் அவரிடமிருந்து நீளமான குறுஞ்செய்திகள் வரும், ஒற்றுப்பிழை உட்பட. சில நாள் ஷைனி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நீ போகிற இடத்தில் உனக்கு நல்ல நாற்காலி கொடுப்பார்கள், இரண்டு பெரிய திரை கொடுப்பார்கள், குளிர்ந்த அறை இருக்கும், சிக்னல் ஒருபோதும் போகாது. அதையெல்லாம் அனுபவி, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உன் செயலியைத் திறக்கிற ஆள் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டான். அவனுக்குக் காய்ச்சல் அடிக்கும். அல்லது இடுப்பில் ஒரு குழந்தை இருக்கும். வெயிலில் திரை தெரியாமல் கையால் நிழல் பிடித்துக்கொண்டிருப்பான். அவனைப் படிப்பறிவில்லாதவன், பாமரன் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொன்னால் தங்கராஜ் சாரை நினைத்துக்கொள். அவருக்குப் படிப்பில் ஒரு குறைவும் இல்லை. பேருந்து ஆடியது, கம்பியைப் பிடித்தது போக அவரிடம் ஒரு கைதான் மிச்சம் இருந்தது. அந்த ஒரு கைக்கு நீ செய்து கொடு. இரண்டு கையும் பெரிய மேசையும் உள்ளவர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. உன் வேலையை யாராவது குறை சொன்னால் உடனே பதில் சொல்லாதே. பிளஸ் டூ படிக்கும்போது சபை வாலிபர் சங்கத்துக்கு நீ செய்த கிறிஸ்துமஸ் கேரல் பக்கம் ஞாபகமிருக்கிறதா? எந்த வீட்டுக்குக் கேரல் எப்போது வரும் என்று பார்க்கத் திறந்தால் திரை முழுக்கப் பனி கொட்டும். பாறசாலையில் பனி. அப்பாவின் ஃபோன் சூடாகி அப்படியே நின்றுவிட்டது, அவர் அதை மேசைவிசிறிக்கு முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் பனியை எடுத்துவிட்டாய். எடுத்ததை யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் கவனித்தேன், இவன் தேறிவிடுவான் என்று அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். இப்போது அந்த மூன்று நாளை ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள், அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. வாடகை வீட்டில் கூட இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் நேந்திரங்காய் வற்றல் வைத்திருக்கிறேன், ஒளித்து வைத்துத் தின்னாதே. ஞாயிற்றுக்கிழமை எங்களை விளி. நான் பேசி முடிப்பதற்குள் வைக்காதே.

கடைசியாக ஒரு விஷயம், இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் உன்னிடம் சோதனையாக ஒரு பக்கம் செய்யச் சொன்னார்களே, திருவனந்தபுரத்துக் கண் மருத்துவமனை ஒன்றில் முன்பதிவு செய்கிற பக்கம், அது இப்போது நடைமுறைக்கு வந்துவிட்டது என்று போன மாதம் சொன்னாய். எனக்கும் இப்போதெல்லாம் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. திங்கட்கிழமை பெருங்கடவிளைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கிக்கொண்டு நின்றபோது ஞாபகம் வந்து ஃபோனை எடுத்தேன். உச்சி வெயில். ஒரு கையில் பை. எதிரில் லீலாபாய் அக்கா தன் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், அதை விடவும் மனமில்லை. அவள் பேச்சுக்கு உம் கொட்டிக்கொண்டே டாக்டரைப் பார்த்தேன், நாளைப் பார்த்தேன், அழுத்தினேன், ஃபோனைப் பையில் போட்டேன். மருமகள் கதையில் ஒரு வரியைக்கூட நான் தவறவிடவில்லை. வீட்டுக்கு வந்து, மரச்சீனியை வேக வைத்து, அப்பாவுக்குச் சாயா கொடுத்த பிறகு, முன்பதிவு உறுதி என்று செய்தி வந்தபோதுதான் அது நீ செய்த பக்கம் என்பதே என் மூளைக்கு எட்டியது.

இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் குற்றம்தான் கண்ணில் படும். உன்னுடையதில் எனக்குப் பக்கமே கண்ணில் படவில்லை, டாக்டர்தான் தெரிந்தார். அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஃபோனை வாங்கித் தமக்கும் ஒரு நாள் பதிவு செய்துகொண்டார். அவருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது.

நேரில் சொல்லலாம் என்று இரண்டு முறை மாடிக்கு ஏறி வந்தேன். நீ சட்டை மடித்துக்கொண்டிருந்தாய். சொன்னால் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த சட்டையை எடுப்பாய் என்று தெரியும். அதனால் எழுதிவிட்டேன்.

அம்மா